எங்கட ஜீப்பும் ஒரு பிள்ளையின் நெஞ்சும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. கராஜ் வைத்திருப்பவர்கள், பழைய வாகனம் திருத்துபவர்கள், ஓ/எல் முடித்த ஆண் பிள்ளைகள் உள்ள பெற்றோர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

என் மச்சான் ஒரு பழைய லேண்ட் ரோவர் வாங்கினார். 1960களில் வந்த சீரீஸ் டூ-ஏ. பல வருடங்களாக ஒரு இறப்பர் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் கொடி படர்ந்து கிடந்த ஜீப். எங்கள் சப்ரகமுவ மலைப்பாதைகளில் ஒரு காலத்தில் துரைமார் ஓட்டிய வாகனம் இதுதான். வாப்பா தோட்டத்துக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த காலத்தில், இந்த ஜீப்பின் சத்தம் கேட்டால் வாசலில் நிற்பவர்கள் ஒதுங்கி நிற்பார்களாம். அதனால் மச்சான் அதை வாங்கியபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் எங்கள் பக்கத்தில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கடைக்குப் போக வேண்டிய மொரிஸ் மைனர், மினி, வில்லிஸ் ஜீப் எல்லாம் தங்கமாகிவிட்டன. தெருவுக்கு ஒரு கராஜ் வந்தது. "முழுசாக் கழட்டி, சான்ட் பிளாஸ்ட் அடிச்சு, புதுசு போலச் செஞ்சு தாறம்" என்பது வாடிக்கையான பேச்சாகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மச்சான் கூப்பிட்டார்.

"இன்டக்கி செசிக்கு மணல் அடிக்கிறாங்க. வாங்க மச்சான், பாக்க நல்லா ஈக்கும்."

போனேன். உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லேண்ட் ரோவரின் பொடி அலுமினியம். யுத்தம் முடிந்த பிரித்தானியாவில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு என்பதால் அப்படிச் செய்தார்கள். ஆனால் அடியில் உள்ள செசி இரும்பு. தகடுகளை ஒட்டிப் பெட்டி போல உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்தது. எங்கள் மழைக்கு அந்தப் பெட்டி வெளியிலிருந்தும் துருப்பிடிக்கும், உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். கம்பித் தூரிகையால் எவ்வளவு தேய்த்தாலும் மேலே உள்ள துருதான் போகும், குழிக்குள் இருப்பது போகாது. மணலைக் காற்றழுத்தத்தோடு அடித்தால் பழைய பெயின்ட், துரு, தார், புட்டி எல்லாம் பறந்து சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு தெரிகிறது. எங்கே ஓட்டை, எங்கே யாரோ முன்பு ஒட்டுப் போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று எல்லாம் வெளிவருகிறது. ஒரு பொய்யும் மிஞ்சாது. பின் குறுக்குச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகளை அன்றுதான் கண்டோம்.

அதாவது, இந்த வேலையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இது தேவையான வேலை.

கராஜுக்குப் பின்னால் தகரத்தால் மூன்று பக்கம் மறைத்த இடம். உள்ளே வெள்ளை மூட்டம். அந்த மூட்டத்துக்குள் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். அதற்குக் கீழே, கழுத்தையும் வாயையும் சுற்றி, கிழித்த பழைய சாரத் துணி. வெளியே இன்னொரு சின்னப் பையன் மணலைச் சலித்துச் சலித்து வாளியில் போடுகிறான். அவன் முகத்தில் துணியும் இல்லை.

கொம்பிரசர் நின்றது. உள்ளே இருந்தவர் வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சேர்! நீங்களா?"

என் மாணவன். புருவம், கண்ணிமை, மூக்கு முடி எல்லாம் மாவு பூசியது போல வெள்ளை. சிரித்தான். பிறகு இருமினான். இரும்பித் துப்பிவிட்டு மறுபடியும் சிரித்தான்.

பெயர் எழுத மாட்டேன். லயத்துப் பிள்ளை. அம்மா பால் வெட்டப் போகிறவர். ஓ/எல் முடித்து மூன்று வருடமாகிறது, வயது பத்தொன்பது. இந்தக் கராஜில் ஒன்றரை வருடமாக வேலை. தோட்டத்துச் சம்பளத்தைவிட நாள் கூலி கூட. தங்கச்சியின் டியூஷன் காசு இவன்தான் கட்டுகிறான். இதையெல்லாம் பெருமையாகச் சொன்னான். பெருமைப்பட வேண்டிய விடயம்தான்.

ஆனால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இவன் தரம் 9இல் இருந்தபோது ஜாம் போத்தலில் களு கங்கை மணல் கொண்டுபோய், கைவில்லையால் பார்க்கச் சொன்னேன். "கண்ணாடி மாதிரி மின்னுது சேர்" என்று முதலில் சொன்னது இவன்தான். அது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா என்று சொல்லிக் கொடுத்தேன். இரசாயனக் குறியீட்டைக் கரும்பலகையில் எழுதினேன். பரீட்சைக்கு வரும் என்று கோடிட்டேன். அதே மணலைத் தூளாக்கிச் சுவாசித்தால் நெஞ்சு என்னவாகும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்று தப்பிக்கலாம். ஆனால் எனக்கே அப்போது அது மனதில் வரவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது சொல்கிறேன்.

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கையில் அள்ளினாலும் அதில் வீடு கட்டினாலும் ஒன்றும் ஆகாது. மணி பெரியது, மூக்கிலேயே நின்றுவிடும். ஆனால் அந்த மணியைக் காற்றழுத்தத்தில் இரும்பின் மேல் அடிக்கும்போது மணி நொறுங்குகிறது. நொறுங்கிய தூளில் ஒரு பகுதி 5 மைக்ரோமீற்றரைவிடச் சின்னது. நம் தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை மூட்டம் நிலத்தில் படிந்த பிறகும், கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூள் காற்றில் மிதக்கிறது. சாரத் துணிக்குள்ளும், நாம் கொரோனா காலத்தில் போட்ட மாஸ்க்குக்குள்ளும் புகுந்து, நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைவரை போய்விடும். புதிதாக உடைந்த சிலிக்கா, பழைய தூசியைவிட நஞ்சு கூடியது. மணல் அடிப்பவர் சுவாசிப்பது அந்த நொடியில் உடைந்ததை.

காற்றுப் பையில் நம் உடம்பின் காவல் கலங்கள் அந்தத் தூளை விழுங்குகின்றன. கல்லைச் செமிக்க முடியாமல் சாகின்றன. செத்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு கூடக் கூட நுரையீரல் விரிய மறுக்கிறது. இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். விழுந்த தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். காசநோய் இலகுவாகத் தொற்றும். சிலிக்காத் தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1997இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாக வகைப்படுத்தியது. கல்லுடைப்பவர்களுக்குப் பொதுவாகப் பத்து, இருபது வருடத்தில் வரும் நோய், மணல் அடிப்பவர்களுக்கு ஐந்து வருடத்திலும் வரலாம். தூசி மிகக் கூடுதலாக இருந்தால் அதற்கும் முன்னர் வரலாம்.

"மணலால உலகத்தில யாரு செத்தாங்க?" என்று மச்சான் கேட்டார். நீங்களும் கேட்கலாம். அதனால் மூன்று விடயம் சொல்கிறேன்.

முதலாவது, நாம் போடும் டெனிம் ஜீன்ஸ். புதிய துணியைப் பழையது போல வெளுக்க வைக்க, துருக்கியில் சின்னச் சின்னப் பட்டறைகளில் இளைஞர்கள் மணல் அடித்தார்கள். கிராமத்திலிருந்து இஸ்தான்புலுக்கு வந்த பையன்கள். இருபதுகளில் இருப்பவர்களுக்கு, சுரங்கத்தில் வேலை செய்த முதியவர்களுக்கு வரும் நோய் வந்திருப்பதை டொக்டர்மார் கண்டார்கள். பலர் இறந்தார்கள். 2009இல் துருக்கி அரசு அந்த முறையைத் தடை செய்தது. அடுத்த வருடம் லீவைஸ், எச் அண்ட் எம் போன்ற கம்பனிகள் தங்கள் உடைகளுக்கு இது வேண்டாம் என்று அறிவித்தன. ஒரு காற்சட்டை பழையது போலத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போன உயிர்கள் அவை.

இரண்டாவது, ஆசிரியராக எனக்கு நெஞ்சில் தைத்தது. நாங்கள் சின்ன வயதில் சிலேட்டில் எழுதிய குச்சி. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதியில் கல்லை அறுத்துச் சிலேட்டுக் குச்சி செய்த தொழிலாளர்கள், அந்தக் கல் தூளால் சிலிக்கோசிஸ் வந்து இள வயதிலேயே இறந்தார்கள். அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அகரம் எழுதப் பழகிய குச்சிக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. லேண்ட் ரோவரை உலகத்துக்குக் காட்டியது 1948இல், அம்ஸ்டர்டாம் கண்காட்சியில். அடுத்த வருடம், 1949இல், அதே பிரித்தானியாவில் ஒரு ஒழுங்குவிதி வந்தது. தொழிற்சாலைகளில் பொருட்களைச் சுத்தம் செய்ய மணலோ வேறு சிலிக்காவோ அடிக்கக் கூடாது என்று. மச்சானின் ஜீப் 1960களில் செய்தது. அப்படியென்றால் இந்தச் செசியை ஒட்டிய காலத்தில் அந்த நாட்டுத் தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியையும் மணல் அடிக்க விட முடியாது. அறுபது வருடம் கழித்து அதே செசிக்கு இங்கே எங்கள் லயத்துப் பிள்ளை சாரத் துணியைக் கட்டிக்கொண்டு மணல் அடிக்கிறான். அவனுக்குக் காசு கொடுப்பது என் குடும்பம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெயின்டிலும் அடிப்பூச்சிலும் ஈயம் கலந்திருக்கும். மணல் அடிக்கும்போது அதுவும் தூளாகப் பறக்கிறது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் தூளும் வீட்டுக்குப் போகிறது. ஈயத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படுவது சின்னப் பிள்ளைகளின் மூளை. லயத்து அறையில் எத்தனை பேர் ஒன்றாகப் படுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது.

மணலுக்குப் பதிலாகக் கார்னெட் அடிக்கலாம். இரத்தினபுரிக்காரர்களுக்குக் கார்னெட் புதிதில்லை. மாணிக்கக் குழியில் இல்லம் கழுவும்போது வட்டியில் மிஞ்சும் சிவப்புக் கல் வகைதான். கோமேதகமும் இதே குடும்பம். தென் தமிழ்நாட்டின் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரைக் கார்னெட் மணல் இந்த வேலைக்காகவே உலகம் முழுக்கப் போனது. அளவுமீறி அள்ளியதால் 2013இல் தமிழ்நாடு அரசு அங்கே தோண்டுவதை நிறுத்தியது. அந்தப் பொருளுக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நல்ல கார்னெட்டில் சிலிக்கா மிகக் குறைவு. மணல் ஒரு தடவை அடித்தால் மாவாகிவிடும். கார்னெட்டைச் சேகரித்துச் சலித்து மறுபடியும் சில தடவை பாவிக்கலாம். இரும்புத் துணிக்கை, அலுமினியம் ஒக்சைட் போன்றவையும் இருக்கின்றன. தண்ணீர் கலந்து அடித்தால் தூசி பெரிதும் குறையும். ஆனால் எங்கள் ஈரக் காற்றில் நனைந்த இரும்பு உடனே சிவக்கும் என்பதால் துருத் தடுப்பான் சேர்க்க வேண்டும். உலர்வாக அடித்தாலும் அன்றைக்கே அடிப்பூச்சுப் பூசத்தானே வேண்டியிருக்கிறது.

எதை அடித்தாலும் அடிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் ஹெல்மெட் வேண்டும். பழைய பெயின்டும் துருவும் எப்படியும் பறக்கும். அந்தக் காற்றும் வடிகட்டி வர வேண்டும், கொம்பிரசரின் எண்ணெய்ப் புகையாக வரக் கூடாது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கண்ணுக்கு உதவும். நெஞ்சுக்கு உதவாது.

கராஜ் பாஸிடம் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை. அவரே பல வருடம் இதே மூட்டத்தில் நின்றவர், அவருக்கும் இருமல் இருக்கிறது. "சேர், கார்னெட் மூடை மணலைவிடப் பல மடங்கு விலை. நான் அதைப் போட்டால் என் ரேட் கூடும். வாகனக்காரர் அடுத்த கராஜுக்குப் போய்விடுவார்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் மச்சான் மூன்று கராஜில் ரேட் கேட்டு, குறைந்ததைத்தான் எடுத்தார். அதைக் கேட்டு நானும் "நல்ல வேலை செஞ்சீங்க" என்று சொன்னவன்.

அதனால் முதல் குற்றவாளி பாஸ் இல்லை. தூர இடத்து அரசாங்கமும் இல்லை. வாகனக்காரர்களாகிய நாம். இருக்கைக்கு நல்ல தோல் வேண்டும், டயர் நல்ல பிராண்ட் வேண்டும், பெயின்ட் கம்பனிப் பெயின்ட் வேண்டும் என்று கேட்கிறோம். செசிக்கு எதை அடிக்கிறீர்கள், அடிக்கிற பிள்ளை எதைச் சுவாசிக்கிறான் என்று கேட்டோமா?

அரசாங்கத்துக்குப் பொறுப்பில்லை என்று சொல்லவில்லை. 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொழில்சார் நோய்க்கு நட்டஈடு கேட்க 1934இன் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் நியமனக் கடிதம் இல்லாமல், ஈபிஎஃப் இல்லாமல், நாள் கூலிக்கு நிற்கும் பிள்ளை பத்து வருடம் கழித்து மூச்சு வாங்கும்போது எந்தக் கடதாசியைக் கொண்டு போவான்? எந்தக் கராஜில் வந்தது என்று எப்படி நிரூபிப்பான்? தொழில் திணைக்கள அதிகாரிகள் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போவது போல, இந்தத் தகர மறைப்புகளுக்குப் பின்னாலும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு ஒன்று சொன்னான்.

"சேர், நீங்க சொல்றது வெளங்குது. ஆனா பெருசா சத்தம் போட்டு என் வேலைய இல்லாம ஆக்கிறாதீங்க சேர். தங்கச்சி வர்ற வருஷம் ஓ/எல்."

இந்தப் பதிவை எழுத மூன்று வாரம் தாமதித்ததற்குக் காரணம் அந்த ஒரு வசனம்தான். அவன் சொல்வது நியாயம். கராஜை மூடச் சொல்வது எனக்கு இலகு. மாதச் சம்பளம் எனக்கு வந்துகொண்டிருக்கும். அவனுக்கு வராது. அதனால் வேலையை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. மணலை நிறுத்துங்கள் என்று கேட்கிறேன்.

மச்சானிடம் சண்டை போடாமல் பேசினேன். முதலில் கோபித்தார். பிறகு அவரே பாஸிடம் போய், மிச்ச வேலைக்குக் கார்னெட் போடுங்கள், வித்தியாசத்தை நான் தருகிறேன் என்றார். காற்றுக் குழாய் ஹெல்மெட் ஒன்று வாங்குவதற்குப் பாதிக் காசு நாங்கள் தருவதாகவும் பேச்சு. பாஸ் சம்மதித்தார். மணல் சலித்த சின்னப் பையனை அந்த இடத்திலிருந்து மாற்றி, முன்பக்கம் கழற்றிப் பூட்டும் வேலைக்கு விட்டிருக்கிறார். ஆனால் எங்கள் ஜீப்புக்குப் பின்னால் இரண்டு வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது.

பிள்ளையை மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்-ரே எடுத்தார்கள். இப்போதைக்குத் தெளிவாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாமல் இருக்கலாம், வருடாவருடம் வர வேண்டும், என்ன வேலை என்பதைப் போகும் இடமெல்லாம் டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். மணல் வேலை செய்யும் எவருக்கும் இதைச் சொல்லுங்கள். "இருமல்" என்று மட்டும் சொன்னால் பாணி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "நான் சான்ட் பிளாஸ்ட் அடிக்கிறவன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

வாகனம் திருத்தக் கொடுப்பவர்கள் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்:

1. எதை அடிக்கப் போகிறீர்கள்? மணல் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2. அடிப்பவருக்குக் காற்றுக் குழாயுள்ள ஹெல்மெட் இருக்கிறதா? காட்டச் சொல்லுங்கள்.

3. மூடிய இடத்தில் அடிக்கிறீர்களா, பக்கத்து வீட்டுக்கும் பள்ளிக்கும் தூசி போகிறதா?

4. அங்கே பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை நிற்கிறதா?

5. வேலை முடிந்து குளித்து உடுப்பு மாற்ற இடம் இருக்கிறதா?

ரேட் கூடினால் கொடுங்கள். அந்த மேலதிகக் காசு கராஜ்காரருக்குப் போகிற இலாபம் அல்ல. இல்லையென்றால் அதே காசை ஒரு பிள்ளை தன் மூச்சிலிருந்து கட்டுகிறான். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். அது நம் உடம்பு மட்டுமல்ல. நம்மிடம் கூலிக்கு வருகிறவரின் உடம்பும் அந்த நேரத்துக்கு நம் கையில் உள்ள அமானிதம்தான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணலையும் பாறையையும் படிப்பிக்கும் நாளில் ஐந்து நிமிடம் இதையும் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் இருக்கும் பையன்களில் பலர் கராஜுக்கும், கல் குவாரிக்கும், டைல் வெட்டும் வேலைக்கும் போகப் போகிறவர்கள். இந்தத் தவணை நான் தரம் 9க்கு அதே ஜாம் போத்தலைத்தான் கொண்டு போகிறேன். இந்த முறை அந்தப் பழைய மாணவனையும் வரச் சொல்லியிருக்கிறேன். லீவு கிடைத்தால் வருகிறேன் என்றான்.

உங்கள் ஊரில் மணல் அடிக்கும் கராஜ் இருந்தால், கராஜின் பெயரைக் கமென்ட்டில் போட வேண்டாம். நேரில் போய்ப் பேசுங்கள். பேசி என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.